பரீட்சை அட்டையும் பண்டிகைக் கறியும்

முட்டி வலிக்கிறது, நடைப்பயிற்சிக்கு எந்தச் செருப்பு நல்லது என்று நம் ஹைதராபாத் ரயில்வே குவார்ட்டர்ஸ் பிள்ளைகளின் வாட்ஸ்அப் குழுவில் தினமும் யாராவது ஒருவர் புலம்புகிறீர்கள். கொஞ்சம் சும்மா இருங்கள். நமக்கு இன்னும் நாற்பதுகூட முழுசாக ஆகவில்லை. அதற்குள் கிழடு தட்டிப்போன மாதிரி என்ன பேச்சு. இன்றைக்கு நான் பூப்பந்தைப் பற்றிச் சொல்லப்போகிறேன். லாலாகுடா ஒர்க் ஷாப்பின் சங்கு ஊதினால் சாப்பிட்டு, சங்கு ஊதினால் படித்து வளர்ந்த உங்களுக்கு அந்த மஞ்சள் பந்து மறந்திருந்தால், உங்களை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

உங்கள் பிள்ளைகளுக்காகவும் சொல்லிவிடுகிறேன். கம்பளி நூலை இறுக்கிச் சுற்றிய பந்து அது. பக்கத்துக்கு ஐந்து பேர், ஆளுக்கு நரம்பு பின்னிய ஒரு மட்டை, நடுவில் வலை. பந்து தரையைத் தொடுவதற்குள் ஒரே அடியில் அந்தப் பக்கம் அனுப்ப வேண்டும். அடிக்கிறபோது 'டப்' என்று ஒரு சத்தம் வருமே, தலையணையைத் தட்டுகிற மாதிரி, அதைக் கேட்டால் இப்போதும் என் கால் தானாக வாசலுக்கு ஓடும்.

நம் சபைக்கும் பூப்பந்துக்கும் இருந்த பந்தம் உங்களுக்கே தெரியும். கோயில் ஒன்று, சபை இரண்டு. காலை ஏழு மணிக்குத் தமிழ் ஆராதனை, ஒன்பதரைக்குத் தெலுங்கு ஆராதனை. நம் போதகர் பிரசங்கத்தை நீட்டினால் தெலுங்குச் சபைக்காரர்கள் வேப்பமரத்தடியில் நின்று செருமுவார்கள். வருஷம் முழுக்க இந்தச் செருமல் இருக்கும். கோயிலை அர்ப்பணித்த நாளைக் கொண்டாடுகிற பிரதிஷ்டைப் பண்டிகை அன்று மட்டும் ஒரே ஆராதனை, அதன்பின் கோயில் வளாகத்திலேயே இரண்டு சபைக்கும் பூப்பந்து ஆட்டம், அதன்பின் அசனம் என்று சபை முழுக்க ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிற விருந்து. ஆட்டத்தில் ஜெயித்த சபை முதல் பந்தியில் உட்காரும். தோற்ற சபை பரிமாறும். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து நாம்தான் வாளி தூக்கிக்கொண்டிருந்தோம்.

எங்கள் வீட்டில் அந்த வருஷம் மாமா இருந்தார், அம்மாவின் தம்பி. ஊரில் கல்லூரி முடித்துவிட்டு, அமீர்பேட்டையில் ஜாவா படித்தால் கையோடு வேலை என்று யாரோ சொன்னதை நம்பி ரயிலேறி வந்தவர். வந்த நேரம் சரியில்லை. ஒய்டூகே என்ற கம்ப்யூட்டர் பரபரப்பு அடங்கி, கம்பெனிகள் ஆள் எடுப்பதை நிறுத்தி வைத்திருந்த காலம். பஸ் பிடித்து அமீர்பேட்டைக்குப் போவார். கம்ப்யூட்டர் படம் போட்ட நோட்டீஸ்கள் ஒட்டிய சந்துகளில் திரிந்து, முகம் வாடித் திரும்பி வருவார். வந்ததும் குளித்துவிட்டு மட்டையை எடுத்துக்கொண்டு ரயில்வே மைதானத்துக்குப் போய்விடுவார். அங்கே அவர் வேறு ஆள். வலைக்கு மேலே பந்தைச் சீவிவிடுகிற அவருடைய 'கட்' எங்கே விழும் என்று எதிராளிக்குத் தெரியாது. அப்பா அணியின் கேப்டன். இந்த வருஷம் நாமதான் முதல் பந்தி என்று ஈஸ்டரிலிருந்தே எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அம்மாவுக்கு அந்த மட்டையைக் கண்டாலே ஆகாது. அதுதான் தம்பியின் மனதைக் கலைக்கிறது என்று முடிவு கட்டிவிட்டாள். ஒரு சனிக்கிழமை பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில் சாட்சி சொல்கிற நேரம் வந்தபோது, என் அம்மா எழுந்து நின்றாள். நான் அவள் பக்கத்தில்தான் பாயில் உட்கார்ந்து பிஸ்கட்டைக் கொறித்துக்கொண்டிருந்தேன்.

"என் தம்பிக்கு வேல கெடைக்கணும். அது கெடைக்கிற வரைக்கும் அவன் மட்டையத் தொடமாட்டான். ஆண்டவருக்கு முன்னால நான் பொருத்தனை பண்ணுதேன்."

கூடியிருந்த பெண்கள் எல்லாரும் ஆமென் சொல்லிவிட்டார்கள். அவ்வளவுதான், முடிந்தது கதை. பொருத்தனை என்கிற நேர்ச்சை நம் ஆட்களுக்கு விளையாட்டா என்ன? சபை அறியச் சொன்னதை எப்படித் திருப்பி எடுப்பது? மாமாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்று அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அம்மாவுக்கும் தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னதும் அப்பாவுக்கு வந்ததே கோபம். அப்பா பிறந்ததே லாலாகுடாவில். அவருடைய தமிழில் நாலு வார்த்தைக்கு ஒரு 'கைக்கு', ஒரு 'நக்கோ' வந்து விழும். ஏன், வேண்டாம் என்பதெல்லாம் அவர் வாயில் அப்படித்தான் வரும்.

"கைக்கு அவன் மட்டையக் குடுத்தே? என் சைக்கிளையும் சேத்துக் குடுத்திருக்கலாம்ல?"

"ஒங்களுக்கு ஆட்டம் பெருசு. எனக்கு எந் தம்பி பெருசு," என்றாள் அம்மா.

மாமா மட்டையைத் துடைத்து அம்மாவிடம் கொடுத்தார். அம்மா அதைத் தன் பழைய பட்டுப்புடவை ஒன்றில் சுற்றி பீரோவுக்கு மேலே வைத்தாள். மாமா முகம் கழுவப் போனார், ரொம்ப நேரம் கழுவினார். எனக்கு அழுகை அழுகையாக வந்தது.

ஆனால் என் மாமா லேசுப்பட்டவர் இல்லை. பரீட்சை முடிந்து லீவு விட்டிருந்தது. ஒரு நாள் சாயங்காலம் நான் பரீட்சை அட்டையால் விசிறிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தேன். கிளிப் துருப்பிடித்த அந்தப் பழுப்பு அட்டை உங்கள் ஒவ்வொருவரிடமும் இருந்தது. மாமா அதைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்தார்.

"மட்டையத் தொடமாட்டேன்னுதான அக்கா சொல்லிருக்கா. இதத் தொடமாட்டேன்னு சொல்லலைலா?"

அன்றிலிருந்து தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் எங்கள் ஆட்டம் தொடங்கியது. அவர் அந்த அட்டையால் அடிப்பார், நான் ஒரு பழைய மட்டையால் அடிப்பேன். அட்டையில் நரம்பு ஏது, துள்ளல் ஏது? பந்து 'சொத்' என்று விழும். மணிக்கட்டை வெடுக்கென்று சுண்டினால்தான் கொஞ்சமாவது போகும். மாமா பல்லைக் கடித்துக்கொண்டு சுண்டுவார். ஜூன் பிறப்பதற்குள் அந்த அட்டையால் 'கட்' போடவே கற்றுக்கொண்டுவிட்டார். அம்மாவுக்குத் தெரியாது என்று நினைத்தோம். அடுப்படி ஜன்னல் அந்தத் தொட்டியைப் பார்த்துத்தான் இருந்தது என்பதை நாங்கள் யோசிக்கவே இல்லை.

பண்டிகை வந்தது. காலையில் எழுந்ததும் வளாகம் முழுக்க ஆட்டுக்கறி வாசனை. தகரக் கொட்டகையில் இரண்டு பெரிய அண்டாக்கள் ஏறியிருந்தன. அந்தக் கொட்டகைக்கு என் அம்மாதான் ராணி. ஏன் என்று கேட்கிறீர்களா? உப்பு. நம் சபையில் அம்மா உள்ளங்கையில் ஒரு சொட்டுக் குழம்பை விட்டு நக்கிப் பார்த்து, தலையை ஆட்டினால்தான் அண்டா இறங்கும். அம்மாவுக்குக் கறி என்றால் உயிர். எலும்பை உறிஞ்சுகிற சத்தத்தில் பக்கத்து இலைக்காரர் திரும்பிப் பார்ப்பார். வருஷம் முழுக்க ஞாயிற்றுக்கிழமைக் கறிக்காகவும், வருஷத்துக்கு ஒருமுறை இந்த அசனக் கறிக்காகவும்தான் தான் ஹைதராபாத்தில் இருப்பதாகச் சொல்வாள்.

ஆராதனை முடிந்தது. வலை கட்டியாயிற்று. அப்போது கொட்டகைப் பக்கம் ஒரே கூச்சல். நம் அணியின் பின்வரிசை ஆட்டக்காரர், பாடகர் குழுவில் கட்டைக்குரலில் பாடுகிறவர், சோற்று அண்டாவை வடிக்கக் கை கொடுக்கப் போயிருக்கிறார். கஞ்சி தெறித்து வலது கை சிவந்துவிட்டது. மருந்து போட்டுத் துணி சுற்றினார்கள். பெரிய காயம் இல்லை, ஆனால் மட்டை பிடிக்க முடியாது.

நாலு பேர்தான் மிச்சம். தெலுங்குச் சபையின் கேப்டன் டீசல் எஞ்சின் டிரைவர், நல்ல மனுஷர். "பரவாலேது அண்ணா, நாலு பேரே ஆடுங்க" என்றார். பரவாயில்லை என்று அவர் சொன்னதுதான் அப்பாவுக்குப் பொறுக்கவில்லை.

"நக்கோ. அஞ்சு பேர்னா அஞ்சு பேர். இல்லாட்டி நாங்க இப்பவே வாளி தூக்குறோம்."

சொல்லிவிட்டு அப்பா மாமாவைப் பார்க்காமல் வானத்தைப் பார்த்தார். மாமா வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். மைக்கில் பாட்டு நின்றுவிட்டது. நம் சபையின் கண்ணெல்லாம் மெதுவாகத் திரும்பி, கொட்டகையில் கரண்டியோடு நின்ற என் அம்மாமீது போய் விழுந்தது. வாய் திறந்து யாரும் கேட்கவில்லை. எப்படிக் கேட்பார்கள்? அன்று ஆமென் சொன்னவர்கள்தானே பாதிப் பேர்.

மாமா ஆட வேண்டும், ஆடியே ஆக வேண்டும். ஆனால் அவர் ஆடி, அதனாலேயே வேலை கிடைக்காமல் போய்விட்டால்? பத்து வயதில் இதைவிடப் பெரிய சிக்கல் எனக்கு வந்ததில்லை. அம்மாவின் முகத்தைப் பார்த்தால் அவளுக்கும் அதே சிக்கல்தான் என்று தெரிந்தது.

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு நேராக மாமாவிடம் வந்தாள்.

"ஏல, அந்த அட்டைய வச்சு எத்தன நாளா அடிக்க?"

மாமாவுக்கு வேர்த்துவிட்டது. "அக்கா, அது வந்து..."

"ஜன்னல்ல பாத்துட்டுத்தான இருந்தேன். மணிக்கட்ட ஒடிச்சுக்கிடுவியோன்னு பயமாத்தான் இருந்து." அம்மா அவர் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். பிறகு எல்லாருக்கும் கேட்கும்படி கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள். "ஆண்டவரே, மட்டை அவனுக்குள்ளது. எனக்குள்ளதில்ல. அவங்கிட்ட கேக்காம நான் எடுத்துக் குடுத்துட்டேன். அதத் திருப்பித் தாரும். அதுக்குப் பதிலா எனக்குள்ளத எடுத்துக்கிடும். இவனுக்கு வேல கெடைக்கிற வரைக்கும் நான் கறி தொடமாட்டேன்."

ஒருவரும் ஆமென் சொல்லவில்லை. அசனத்தன்று, அண்டா கொதிக்கிற நேரத்தில், என் அம்மா கறியை விட்டாளா என்று எல்லாரும் வாயைப் பிளந்து நின்றார்கள். போதகர்தான் மெல்லிய குரலில் ஆமென் சொன்னார்.

"ஏட்டி, என்ன நின்னு வேடிக்க பாக்க? ஓடு, பீரோ மேல இருக்கதை எடுத்துட்டு வா."

ஓடினேன். வாழ்க்கையில் அப்படி ஓடியதில்லை. நாற்காலி மேல் ஸ்டூலைப் போட்டு ஏறி மூட்டையை இறக்கினேன். புடவையைப் பிரித்தால் வேப்பிலையும் அந்துருண்டையுமாக வாசனை வந்தது. நரம்பைப் பூச்சி அரித்துவிடக் கூடாது என்று அம்மா அத்தனை பத்திரமாக வைத்திருந்தாள். பாருங்கள், அவளுக்கு ஆகாத மட்டை அது.

நான் திரும்பியபோது தூறல் விழ ஆரம்பித்திருந்தது. அந்த வருஷத்து முதல் மழை. ஆட்டத்தை நிறுத்தலாமா என்று யாரோ கேட்க, இரண்டு கேப்டனும் சேர்ந்து முறைத்தார்கள். ஆளுக்கு ஒரு ஆட்டம் ஜெயித்து, மூன்றாவது ஆட்டம் தொடங்கியபோது பந்து தண்ணீரைக் குடித்து ஊறிப்போயிருந்தது. கம்பளி நனைந்தால் பந்து கல் மாதிரி கனக்கும். எஞ்சின் டிரைவர் ஓங்கி அடித்த பந்தெல்லாம் வலையைத் தாண்டாமல் விழுந்தது. நம் ஆட்களுக்கும் அதே கதிதான், மாமாவைத் தவிர. துள்ளாத அட்டையால் வாரக்கணக்கில் சுண்டிப் பழகின மணிக்கட்டு அது. ஊறின பந்து அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. சுண்டினார், சுண்டினார், சுண்டிக்கொண்டே இருந்தார். நான் தொண்டை கிழியத் தெலுங்கிலும் இந்தியிலும் கத்திக்கொண்டிருந்தேன். "தமிழ்ல கத்துட்டி" என்று அம்மா கொட்டகையிலிருந்து கத்தினாள்.

கடைசிப் புள்ளிக்கு மாமா ஒரு 'கட்' போட்டார். பந்து வலையின் மேல்நாடாவில் உட்கார்ந்து, யோசித்து, அந்தப் பக்கமாக விழுந்தது. அப்பா மாமாவைத் தூக்கிக்கொண்டு சேற்றில் சுற்றினார். போதகர் அங்கியோடு குதித்ததை நான் என் கண்ணால் பார்த்தேன், நீங்களும் பார்த்தீர்கள்.

இந்தக் குதூகலத்தில் அண்டாவை மறந்துவிட்டோம். உப்பு பார்க்க வேண்டுமே. அம்மா உள்ளங்கையில் குழம்பை ஊற்றிவிட்டாள், வாய்வரை கொண்டுபோனவள் அப்படியே நின்றாள். பிறகு என்னைக் கூப்பிட்டாள்.

"ஏட்டி, நாக்க நீட்டு. எப்படி இருக்கு?"

"சூப்பரா இருக்கும்மா."

"அதக் கேக்கல. தொண்டையில எறங்கும்போது நாக்கோட ஓரத்துல சுள்ளுனு இருக்கா?"

இல்லை என்றேன். அம்மா ஒரு கை உப்பு அள்ளிப் போட்டாள். இரண்டு சபையும் சேர்ந்து சாப்பிட்ட அந்தக் கறிக்கு உப்பு பார்த்தது என் நாக்கு. அன்று மோர் சீக்கிரம் தீர்ந்துபோனதற்கும் அதற்கும் சம்பந்தம் இருக்கிறதா என்று இப்போது விசாரிக்க வேண்டாம்.

முதல் பந்தியில் உட்கார்ந்தோம். ஆஹா, அந்தச் சுகத்தை எப்படிச் சொல்வேன். எஞ்சின் டிரைவர் கறி வாளியோடு வந்தார். எதிர் வரிசையில் இருந்த அம்மா இலையின்மேல் கையை வைத்து மறைத்தாள். "அக்கா, ஒக்க முக்க" என்று அவர் கெஞ்சினார், ஒரே ஒரு துண்டு என்று. அம்மா சிரித்துக்கொண்டே சாம்பார் கேட்டாள். என் பக்கத்தில் இருந்த மாமா தன் இலையில் விழுந்த கறி முழுவதையும் என் இலைக்குத் தள்ளிவிட்டார். "மட்டை எடுத்துட்டு வந்தேல்லா, அதுக்குப் பரிசு" என்றார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

அடுத்த ஞாயிறும் வீட்டில் கறி வாங்கினார்கள். "நான் விட்டதுக்கு நீங்க ஏன் விடணும்" என்று அம்மாதான் பிடிவாதமாக வாங்கச் சொன்னாள். ஆராதனை முடிந்து வந்து அப்பா முதலில் சாப்பிடுவார். அம்மா அடுப்படிக்குள் போனதும் தன் தட்டிலிருந்த கறியை என் தட்டில் போடுவார். "எனக்கு வயிறு சரியில்ல. அம்மாட்ட சொல்லாத, கஷாயம் போட்டுருவா." நான் கடித்துப் போட்ட எலும்புகளைத் தன் தட்டின் ஓரத்தில் அடுக்கி வைத்துக்கொள்வார். சுத்தமான மனுஷர் என்று நினைத்தேன். ஞாயிறில்தான் அமீர்பேட்டையில் பழகுவதற்குக் கம்ப்யூட்டர் காலியாக இருக்கும் என்பதால் மாமா மூன்று மணிக்குத்தான் வருவார். அவருக்குப் பல் கூச்சம். "அக்காட்ட சொல்லாத, புடுங்கச் சொல்லுவா." அந்தப் பங்கும் எனக்குத்தான். மழைக்காலம் போயிற்று, கிறிஸ்துமஸ் வந்து போயிற்று, அடுத்த பண்டிகையும் வந்து போயிற்று. பள்ளிச் சீருடையை இரண்டு தரம் பிரித்துத் தைக்க வேண்டியிருந்தது. நீங்கள் எனக்குப் பட்டப்பெயர் வைத்ததுகூட அப்போதுதான், நான் ஒன்றும் மறக்கவில்லை.

அடுத்த கிறிஸ்துமஸுக்குப் பாடகர்கள் வீடு வீடாக வரத் தொடங்கிய ஒரு சாயங்காலம், மாமா கையில் கறிப் பொட்டலத்தோடு வந்து நின்றார். ஜீடிமெட்லாவில் ஒரு மருந்துக் கம்பெனி. அங்கே கம்ப்யூட்டர் பிரிவில் ஆள் எடுத்திருந்தார்கள். கண்ணாடிக் கட்டடம் இல்லை, ஏசி பஸ் இல்லை, ஆனால் வேலை. அம்மா முழங்கால் போட்டாள். எழுந்தவள் நேராக அடுப்பைப் பற்றவைத்தாள்.

குழம்பு கொதித்ததும் பழக்கதோஷத்தில் "ஏட்டி, நாக்க நீட்டு" என்றாள். அப்பா என்னைத் தள்ளி நிறுத்தினார். "நக்கோ. இன்னிக்கு நீயே பாரு." அம்மா உள்ளங்கையில் ஊற்றினாள். நக்கினாள். கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் நின்றாள். "உப்பு கம்மி" என்று சொல்லும்போது கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

அன்றுதான் வீட்டில் நாலு பேரும் கறிச் சோற்றுக்கு ஒன்றாக உட்கார்ந்தோம். அப்பா ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு 'ஹா' என்றார். மாமா எலும்பை எடுத்து உறிஞ்சிய வேகத்தைப் பார்த்து எனக்கே பயமாகிவிட்டது. கவலையாகவும் இருந்தது.

"அப்பா, உங்க வயிறு சரியாயிடுச்சா? மாமா, பல்லு வலிக்கலையா?" என்று கேட்டேன்.

அப்பா மாமாவைப் பார்த்தார். மாமா அப்பாவைப் பார்த்தார். ஒருவருக்கு ஒருவர் தெரியாமலே விட்டிருக்கிறார்கள். அம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் கை பாதியில் நின்றது.

"அப்போ, இத்தன நாளா ஞாயித்துக்கெழம வாங்கின கறிய எல்லாம் தின்னது யாரு?"

மூன்று பேரும் ஒன்றாக என் பக்கம் திரும்பினார்கள். அப்பாதான் முதலில் சிரித்தார். மாமாவுக்குப் புரையேறியது. அம்மா சிரித்தாளா அழுதாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. சட்டியைத் துழாவி நல்ல மஜ்ஜை எலும்பாக ஒன்றை எடுத்தாள். வழக்கம்போல அது என் தட்டுக்குத்தான் வந்துகொண்டிருந்தது. பாதி வழியில் என்ன நினைத்தாளோ, திருப்பிக்கொண்டுபோய்த் தன் வாயில் வைத்து உறிஞ்சினாள்.